துணைநாயகன் தனிநாயகனாதல்: நைட்விங் படக்கதைகளில் பதிப்பக முடிவுகளும் வாசகர் வழக்காடலும்

ஆய்வுச் சுருக்கம்

பேட்மேனின் துணைநாயகன் ராபினாக 1940-இல் அறிமுகமான டிக் கிரேசன், 1984-இல் நைட்விங் என்னும் பெயருடன் தனிநாயகனாக உயர்ந்தான். இப்பாத்திரத்தை அதன் உரிமையாளரான டிசி காமிக்ஸ் பதிப்பகம் நடத்திவந்த முறை குறித்து வாசகர்கள் பல்லாண்டுகளாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்காடலின் காரணங்களைக் கதைநிகழ்வுகளின் வழியும் பதிப்பு வரலாற்றின் வழியும் இக்கட்டுரை விளக்குகிறது. முதன்மை நாயகன் முதுமை எய்தாதிருக்க வேண்டும் என்னும் வணிகத் தேவையும், துணைநாயகன் வளர்ந்துவிட்டான் என்னும் கதை உண்மையும் ஒரே உலகில் மோதுவதே வழக்கின் வேர் என்பது இதன் கருத்து. மாற்றத்தைப் பல வேளைகளில் ஏற்றுக்கொள்ளும் வாசகர், பாத்திரத்தின் நினைவு அழிக்கப்படுவதை ஏற்பதில்லை என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: படக்கதை, மீநாயகர், துணைநாயகன், நைட்விங், தொடர்கதை, கதைத்தொடர்ச்சி, வாசகர் ஏற்பு

1. முன்னுரை

ஒரு கதைமாந்தர் வளர்ந்துவிட்டார் என்று ஒருமுறை எழுதப்பட்ட பின், அவ்வளர்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை எவருக்கு உண்டு? தனியோர் ஆசிரியர் எழுதி முடித்த நூலைப் பொறுத்தவரை இவ்வினா எழுவதில்லை. நூல் முடியும் இடத்தில் மாந்தரின் வாழ்வும் நின்றுவிடுகிறது. ஆனால் சூப்பர் ஹீரோ எனப்படும் மீநாயகரைப் பற்றிய அமெரிக்கப் படக்கதைகள் முடிவற்றவை. மாதந்தோறும் இருபது பக்க அளவில் வெளிவரும் இதழ்களாக அவை பல பத்தாண்டுகள் தொடர்கின்றன. கதாசிரியர்கள் மாறுகின்றனர், ஓவியர்கள் மாறுகின்றனர், பதிப்பாசிரியர்களும் மாறுகின்றனர். பாத்திரமோ பதிப்பகத்தின் சொத்தாக நிலைத்திருக்கிறது. இத்தகைய சூழலில் பாத்திரத்தின் வாழ்வைத் தொடக்கம் முதல் நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் வாசகரே.

சொத்துரிமை பதிப்பகத்திடமும் நினைவு வாசகரிடமும் பிரிந்து கிடக்கும் இந்நிலையே ரசிகர் வழக்காடல்கள் பலவற்றுக்கும் பின்புலமாகிறது. அவற்றுள் மிக நீண்டதும் தெளிவானதுமான ஒன்று டிக் கிரேசனைப் பற்றியது. துணைநாயகனாகப் பிறந்து, தனக்கெனப் பெயர், நகரம், இதழ் ஆகிய மூன்றையும் பெற்ற பாத்திரம் அவன். அம்மூன்றும் அவனிடமிருந்து பறிக்கப்படுவதும் மீண்டும் அளிக்கப்படுவதும் கடந்த இருபது ஆண்டுகளில் பன்முறை நிகழ்ந்துள்ளன. இக்கட்டுரை அந்நிகழ்வுகளைக் கால வரிசையில் விளக்கி, வாசகர் எழுப்பும் குறைகளுள் எவை வலுவுடையன என்பதை ஆராய்கிறது.

2. துணைநாயகன் என்னும் நிலை

ஏப்ரல் 1940 எனத் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 38-ஆம் இதழில் ராபின் அறிமுகமானான். பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் ஆகிய மூவரும் அவனது உருவாக்கத்தில் பங்கு கொண்டவர்கள். வட்டரங்கில் உயரக் கம்பிகளில் பறந்து வித்தை காட்டும் குடும்பத்தில் பிறந்த சிறுவன் டிக், தன் பெற்றோர் சதியால் வீழ்ந்து இறப்பதைக் கண்ணெதிரே காண்கிறான். அதே துயரை இளமையில் அடைந்த புரூஸ் வெய்ன் அவனைத் தன் பொறுப்பில் ஏற்று வளர்க்கிறான்.

இப்பாத்திரம் தோன்றியதற்குக் கதைக் கட்டமைப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. தனித்துத் திரியும் பேட்மேனுக்குப் பேச்சுத் துணை இல்லாததால் அவன் எண்ணங்களை வெளிப்படுத்துவது கடினமாக இருந்தது என்றும், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் அமைந்தது போன்ற ஒருவர் தேவைப்பட்டார் என்றும் பில் ஃபிங்கர் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். இளம் வாசகர் தம்மை இணைத்துப் பார்த்துக்கொள்ளவும் ராபின் உதவினான். அவன் பெற்ற வரவேற்பைத் தொடர்ந்து, 1941-இல் கேப்டன் அமெரிக்காவுக்குப் பக்கியும் கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடியும் துணைநாயகர்களாக அமைந்தனர்.

துணைப்பாத்திரம் என்பது தமிழ் இலக்கிய மரபுக்குப் புதியதன்று. அகப்பாடல்களில் தோழியும் பாங்கனும் தலைமக்களின் உணர்வுகள் வெளிப்படக் காரணமாகின்றனர். அவர்களுக்கு இயற்பெயர் இல்லை; தனி வாழ்வும் சொல்லப்படுவதில்லை. அவர்களது நிலையை இலக்கண மரபே வரையறுத்துவிடுகிறது. காப்பியத்தில் இந்நிலை சற்று நெகிழ்கிறது. கம்பராமாயணத்துச் சுந்தர காண்டத்தில் அனுமன் தனித்து நின்று செயலாற்றுகிறான்; எனினும் காண்டம் முடியும்போது அவன் இராமனிடமே மீள்கிறான். கதைக்கு முடிவு உண்டாதலால் அம்மீட்சி நிறைவாகவே அமைகிறது. முடிவே இல்லாத தொடர்கதையில் தனித்துச் சென்ற துணைவன் மீளவேண்டுமா, செல்லும் வழியிலேயே தொடர வேண்டுமா என்பதை எந்த இலக்கணமும் வரையறுப்பதில்லை. அம்முடிவு பதிப்பகத்தின் அலுவலறையில் எடுக்கப்படுகிறது. நைட்விங் சிக்கலின் தனித்தன்மை இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

3. வளர்ச்சி ஏற்பட்ட விதம்

ராபின் 1947 முதல் 1952 வரை 'ஸ்டார் ஸ்பேங்கில்டு காமிக்ஸ்' இதழில் தனிக்கதைகளில் இடம்பெற்றான். எனினும் அக்கதைகளில் அவன் சிறுவனாகவே இருந்தான். 1964-இல் கிட் ஃபிளாஷ், அக்வாலாட் ஆகிய துணைநாயகர்களுடன் அவன் ஒன்றுகூடிய கதையே 'டீன் டைட்டன்ஸ்' என்னும் இளையோர் குழுவின் தோற்றுவாய். தலைமை நாயகர்கள் இல்லாத ஓர் அவையில் ராபின் தலைவனாக நிற்க இக்குழு இடம் தந்தது. டிசம்பர் 1969 எனத் தேதியிட்ட 'பேட்மேன்' 217-ஆம் இதழில் அவன் கல்லூரிப் படிப்புக்காக வெய்ன் மாளிகையை விட்டு வெளியேறினான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சிறுவனாகவே இருந்த பாத்திரம் முதன்முறையாகக் காலத்திற்கு உட்பட்டது.

மார்வ் வுல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைந்த 'நியூ டீன் டைட்டன்ஸ்' 1980-இல் தொடங்கியபோது இவ்வளர்ச்சி விரைவடைந்தது. இக்காலத்தில் டிக் கிரேசன் இரு வேறு பதிப்பாசிரியர் குழுக்களின் தேவைகளுக்கு உட்பட்டிருந்தான். பேட்மேன் இதழ்களுக்கு அவன் பேட்மேனின் அருகில் நிற்கும் சிறுவனாக வேண்டியிருந்தது. டைட்டன்ஸ் இதழுக்கோ இளைஞர் குழுவின் தலைவனாக வேண்டியிருந்தது. இச்சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு, ராபின் என்னும் பெயரையும் டிக் என்னும் ஆளையும் பிரிப்பது. 1983-இல் அறிமுகமான ஜேசன் டாட் புதிய ராபினானான். டிக், 1984 பிப்ரவரித் தேதியிட்ட 'நியூ டீன் டைட்டன்ஸ்' 39-ஆம் இதழில் ராபின் உடையைத் துறந்து, அதே ஆண்டு ஜூலைத் தேதியிட்ட 'டேல்ஸ் ஆஃப் த டீன் டைட்டன்ஸ்' 44-ஆம் இதழில் நைட்விங்காக வெளிப்பட்டான்.

நைட்விங் என்பது சூப்பர்மேன் கதைமரபில் 1963-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்ற பெயர். பேட்மேனிடம் பயின்றவன் சூப்பர்மேன் மரபிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வது, அவன் தன் ஆசானின் நிழலாக மட்டும் இருக்கப்போவதில்லை என்பதைக் குறிப்பாக உணர்த்தியது. துணைநாயகன் ஒருவன் இறக்காமலும் மறக்கப்படாமலும் ஆசானின் இடத்தைப் பறிக்காமலும் தனக்கென ஒரு பெயருடன் முதிர்ச்சி எய்தியது இவ்வகைமைக்குப் புதுமை. அன்றைய வாசகர்களுள் பலர் டிக்குடன் சேர்ந்தே வளர்ந்தவர்கள். அவன் வீட்டை விட்டு வெளியேறியதில் அவர்கள் தம் வாழ்வின் ஒரு பருவத்தையும் கண்டனர். பிற்காலக் குறைகள் ஏன் அத்துணைக் கூர்மையாக ஒலித்தன என்பதை இதனைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும்.

4. இருவேறு விலகல்கள்

1985–86-இல் வெளிவந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடருக்குப் பின் டிசி தன் கதையுலகின் வரலாற்றைத் திருத்தி அமைத்தது. அத்திருத்தத்தின்போது டிக் விலகிய வரலாறும் மாற்றப்பட்டது. 1984-இன் கதையில் அவன் தன் விருப்பால் ராபின் உடையைத் துறக்கிறான்; அப்பெயரை ஜேசனுக்கு அவனே அளிக்கிறான். 1987-இல் வெளிவந்த 'பேட்மேன்' 408-ஆம் இதழிலோ, ஜோக்கரால் சுடப்பட்டுக் காயமுற்ற டிக்கை இனி ராபினாக இருக்கக்கூடாது என்று பேட்மேனே விலக்கிவிடுகிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறிய வேறுபாடு. டிக் இரு கதைகளிலும் நைட்விங்காகவே வாழ்கிறான். ஆயினும் முதற்கதையில் வளர்ச்சி அவனது செயல். இரண்டாவதில் அது அவனுக்கு நேர்ந்தது. முதலாவதில் ராபின் என்னும் பெயர் அவன் கையளித்த கொடை. இரண்டாவதில் அது அவனிடமிருந்து எடுக்கப்பட்டு வேறொருவனுக்குத் தரப்பட்ட பொருள். தன்வினை செயப்பாட்டுவினையாக மாறியது எனலாம். நைட்விங் தன் தோற்றத்திற்குத் தானே காரணனா, பேட்மேனின் முடிவால் விளைந்தவனா என்னும் விவாதம் இவ்வேறுபாட்டின் வழியே கதைக்குள் புகுந்தது. பிற்காலக் கதாசிரியர்கள் இவ்விரண்டையும் மாறி மாறிக் கையாண்டுள்ளமையால் அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

இவ்வினாவுக்குக் கதைக்குள்ளேயே தரப்பட்ட விடை ஒன்றும் உண்டு. 1989-இல் வுல்ஃப்மேன் எழுதிய 'எ லோன்லி பிளேஸ் ஆஃப் டையிங்' கதையில், ஜேசனை இழந்து நிலைகுலைந்த பேட்மேனுக்கு ஒரு ராபின் தேவை என்று உணரும் சிறுவன் டிம் டிரேக், டிக்கைத் தேடிச் சென்று மீண்டும் ராபினாக வருமாறு வேண்டுகிறான். டிக் பேட்மேனுக்கு உதவ முன்வருகிறான்; ஆனால் நைட்விங்காகவே வருகிறான். அன்பின் பொருட்டும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது என்பது அக்கதையின் உட்பொருள். வாசகர் தரப்பின் கோரிக்கையை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

5. பதிப்பகத்தின் இக்கட்டு

இவ்விடத்தில் பதிப்பகத்தின் தரப்பையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். பேட்மேன் உலகெங்கும் அறியப்பட்ட வணிகச் சின்னம். திரைப்படம், தொலைக்காட்சி, விளையாட்டுப் பொருள் எனப் பல துறைகளில் அவன் ஏறத்தாழ ஒரே வயதினனாகத் தோன்ற வேண்டியுள்ளது. டிக் கிரேசனோ அவன் கண்முன் சிறுவனாக வந்து, வளர்ந்து, முழு ஆளாகி நிற்பவன். டிக்கின் ஒவ்வொரு பிறந்தநாளும் பேட்மேனின் வயதைச் சொல்லாமல் சொல்கிறது. அவனுக்குப் பின் ஜேசன், டிம், பேட்மேனின் சொந்த மகன் டேமியன் எனப் பலர் ராபினாகியுள்ளனர். அவ்வரிசையின் முதல்வன் டிக் என்பதால், காலம் கடந்துவிட்டது என்பதற்கான சான்றாக அவன் விளங்குகிறான். காலத்தை நிறுத்த விரும்பும் ஒரு நிறுவனத்திற்கு அச்சான்று இடையூறாவது இயல்பே.

2011 செப்டம்பரில் டிசி தன் இதழ்கள் அனைத்தையும் புதிதாகத் தொடங்கியபோது இவ்விடையூறு வெளிப்படையாயிற்று. அப்புதிய வரலாற்றின்படி மீநாயகர் உலகுக்கு வெளிப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. இத்துணைக் குறுகிய காலத்திற்குள் பேட்மேனுக்கு எவ்வாறு இத்தனை ராபின்கள் அமைந்தனர் என்று வாசகர்கள் வினவினர். டிக்கைத் தலைவனாக்கிய டைட்டன்ஸ் குழுவின் பழைய வரலாறு நிகழ்ந்ததா என்பதே தெளிவற்றுப் போயிற்று. பின்னர் 2015–16-இல் வெளிவந்த 'டைட்டன்ஸ் ஹண்ட்' தொடர், அக்குழுவினரின் நினைவுகள் நீக்கப்பட்டிருந்தன என்று காரணம் கூறி அவ்வரலாற்றை மீட்டது. பதிப்பகம் செய்த அழிப்பை, பாத்திரங்களுக்கு நேர்ந்த மறதியாகக் கதை ஏற்றுக்கொண்டது என்பது நோக்கத்தக்கது.

6. பெயர், நகரம், இதழ்: அளித்தலும் பறித்தலும்

1995-இல் ஒரு குறுந்தொடர் வெளிவந்ததை அடுத்து, 1996-இல் 'நைட்விங்' தனி மாத இதழாயிற்று. கதாசிரியர் சக் டிக்சனும் ஓவியர் ஸ்காட் மெக்டேனியலும் அவனைப் பேட்மேனின் காத்தம் நகரிலிருந்து பெயர்த்து, அண்மையிலுள்ள புளூட்ஹேவன் என்னும் ஊழல் மிகுந்த துறைமுக நகரில் குடியேற்றினர். தனக்கென எதிரிகள், அண்டை வீட்டார், பணி எனத் தனி வாழ்வு அவனுக்கு அமைந்தது. அவ்வகையில் புளூட்ஹேவன் அவனது தன்னாட்சியின் நிலவரைபடம் எனத் தகும்.

2005–06-இல் வெளிவந்த 'இன்ஃபினிட் கிரைசிஸ்' தொடரில் அந்நகரம் அழிக்கப்பட்டது. அத்தொடரின் இறுதியில் நைட்விங்கையும் கொன்றுவிட வேண்டும் என்று பதிப்பகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த டான் டிடியோ விரும்பினார் என்பதும், பதிப்பாசிரியர்களும் கதாசிரியர்களும் மறுத்தமையால் அவன் கடுங்காயத்துடன் பிழைத்தான் என்பதும் பின்னர் வெளிப்படையாகப் பேசப்பட்ட செய்திகள். அன்றுமுதல் வாசகரின் ஐயம் புதிய வடிவம் பெற்றது. இக்கதை நன்றாக உள்ளதா என்பதோடு, இப்பாத்திரத்தைப் பதிப்பகம் விரும்புகிறதா என்றும் அவர்கள் கேட்கத் தொடங்கினர்.

2009-இல் புரூஸ் வெய்ன் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட சூழலில் டிக்கே பேட்மேனானான். கிரான்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் தொடங்கிய 'பேட்மேன் அண்ட் ராபின்' இதழில் சிரிக்கும் பேட்மேனையும் சினக்கும் ராபினையும் வாசகர் கண்டனர். முன்னாள் துணைநாயகன் இப்போது டேமியனுக்கு ஆசானாகிறான். தான் வளர்க்கப்பட்ட முறையைவிட மென்மையாக அவனை வளர்க்கிறான். 2011-இல் ஸ்காட் ஸ்னைடர் எழுதிய 'த பிளாக் மிரர்' டிக்கைக் காத்தமின் பொறுப்புள்ள காவலனாகக் காட்டிப் பாராட்டுப் பெற்றது. எனினும் அவ்வாண்டே மேற்கூறிய புதுத்தொடக்கத்தால் அவன் மீண்டும் நைட்விங்காக்கப்பட்டான். அவனது அடையாளமாகிய நீலமும் சிவப்பாக மாற்றப்பட்டது.

இம்மாற்றம் ரசிகர்களை இரு அணிகளாகப் பிரித்தது. பேட்மேன் பட்டத்திலிருந்து நைட்விங் பெயருக்கு மீண்டது பதவியிறக்கம் என்றனர் ஒரு சாரார். பேட்மேன் என்பது புரூஸின் பெயர். நைட்விங் என்பதே டிக் தானே தேடிக்கொண்ட பெயர். ஆகவே இது இல்லம் திரும்பல் என்றனர் மற்றொரு சாரார். ஒரே நிகழ்வை இழப்பாகவும் பேறாகவும் காண்பதற்கு இடமிருப்பதே, ரசிகர் கூட்டம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதைக் காட்டுகிறது.

7. மாற்றமும் அழிப்பும்: ஓர் ஒப்பீடு

வாசகர் எதைத்தான் எதிர்க்கின்றனர் என்பதை அறிய, சில ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு மாற்றங்களை ஒப்பிடுவது பயன்தரும்.

முதலாவது, 2014-இல் தொடங்கிய 'கிரேசன்'. 'ஃபாரெவர் ஈவில்' தொடரில் டிக்கின் மெய்ப்பெயர் உலகறிய வெளியிடப்படுகிறது. அவன் இறந்துவிட்டதாக உலகம் நம்புகிறது. பேட்மேனின் வேண்டுகோளால் அவன் ஸ்பைரல் என்னும் உளவு அமைப்பில் 37-ஆம் முகவராக நுழைகிறான். டிம் சீலியும் டாம் கிங்கும் எழுத, மிகேல் ஜானின் வரைந்தார். 'நைட்விங்' இதழ் நிறுத்தப்பட்டு, முகமூடியும் உடையும் நீக்கப்பட்டு, கதையின் வகைமையே உளவுக்கதையாக மாறியது. அறிவிப்பு வந்தபோது ஐயம் பரவலாக இருந்தது. ஆயினும் இதழ்கள் வெளிவரத் தொடங்கியபின் அத்தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இரண்டாவது, 2018-இல் நிகழ்ந்தது. டாம் கிங் எழுதிய 'பேட்மேன்' 55-ஆம் இதழில் டிக் தலையில் சுடப்படுகிறான். உயிர் பிழைத்தாலும் புரூஸின் பொறுப்பில் வளர்ந்த வாழ்வு அவன் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது. தன்னை ரிக் என்று அழைத்துக்கொண்டு, புளூட்ஹேவனில் வாடகைக் கார் ஓட்டி வாழும் அவன், தன்னை நேசித்தோரையெல்லாம் விலக்குகிறான். 'நைட்விங்' இதழ் நிறுத்தப்படவில்லை. அவனது பழைய உடையைக் கண்டெடுத்த நகரக் காவலர் சிலர் அப்பெயரில் இயங்கினர். ஏறக்குறைய ஈராண்டுகள் நீடித்த இக்கட்டம் ரசிகர்களிடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

இரண்டிலும் உடை இல்லை. பழைய வாழ்வு இல்லை. பேட்மேன் கதைகளில் எடுக்கப்பட்ட முடிவே டிக்கின் வாழ்வை மாற்றியது. இரண்டிலும் டாம் கிங்குக்குப் பங்கு உண்டு. ஆகவே கதாசிரியர் மீதான வெறுப்பு என்று வேறுபாட்டை விளக்கிவிட இயலாது. வேறுபாடு நினைவில் உள்ளது. 'கிரேசன்' கதையில் டிக் எல்லாவற்றையும் இழந்தும் தன் வரலாற்றை இழக்கவில்லை. உளவாளியாகியும் கொல்ல மறுக்கிறான். வட்டரங்கில் கற்ற உடல்மொழியும் நகைச்சுவையும் அவனிடம் எஞ்சியுள்ளன. 2015-இல் வெளிவந்த 12-ஆம் இதழில் அவன் காத்தம் திரும்பித் தன் உடன்பிறவாத் தம்பியரைக் காணும்போது, அவன் உயிரோடிருப்பதை மறைத்ததற்காக அவர்கள் கொள்ளும் சினமும் அடையும் மகிழ்ச்சியும் பழைய கதைகள் அனைத்தின் பயனாக விளைகின்றன. மறதியுற்ற ரிக்குக்கோ அப்பழைய கதைகள் நிகழாதவையாகின்றன. அவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் வாசகர்கள் மட்டுமே. தாம் பல்லாண்டுகள் படித்தவற்றை நாயகனே பொருளற்றவையாகக் கருதும் கதையை அவர்கள் எவ்வாறு நேசிப்பர்?

மேலும், நாயகன் இன்றியே அவன் பெயரில் இதழ் தொடர்ந்தது மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. பதிப்பகத்திற்கு நைட்விங் என்பது முதலில் ஒரு தலைப்பு. வாசகர்க்கு அது ஓர் ஆள். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை வேறுபாடு தெரிவதில்லை.

8. மற்றொரு சான்று: வாலி வெஸ்ட்

டிக்கின் நிலை தனித்த ஒன்றன்று என்பதை அவனது நண்பன் வாலி வெஸ்டின் வரலாறு காட்டும். கிட் ஃபிளாஷ் என்னும் துணைநாயகனாக 1959-இல் தோன்றிய வாலி, தன் ஆசான் பேரி ஆலன் இறந்தபின் 1986-இல் ஃபிளாஷ் பட்டத்தை ஏற்றான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவனே அப்பட்டத்தின் முதன்மை உரியவன். ஒரு தலைமுறை வாசகர்க்கு ஃபிளாஷ் என்றால் வாலியே. பின்னர்ப் பேரி மீட்கப்பட்டான். 2011-இன் புதுத்தொடக்கத்தில் வாசகர் அறிந்த வாலிக்கு இடமே இல்லாமற் போயிற்று. 2016-இல் 'டிசி யுனிவர்ஸ் ரீபெர்த்' இதழில், அனைவராலும் மறக்கப்பட்டு, தன்னை நினைவுகூருமாறு நண்பர் ஒவ்வொருவரையும் மன்றாடுபவனாக அவன் மீண்டான். அவ்விதழ் பெற்ற உணர்ச்சிமிக்க வரவேற்புக்கு, வாசகரின் குறையையே கதை தன் பொருளாக எடுத்துக்கொண்டது ஒரு காரணம் எனலாம்.

வாலி ஆசானின் பெயரை ஏற்றான்; டிக் தனிப்பெயர் பூண்டான். வாலியின் வழி, ஆசான் மீண்டவுடன் அடைபட்டது. டிக்கின் வழி, ஆசான் மீளுவதால் அடைபடாத ஒன்று. தனிப்பெயரை ரசிகர் இத்துணை வலிமையாகக் காக்க முனைவதன் நடைமுறைக் காரணம் இதுவே.

9. வாசகர் உரிமையின் எல்லை

அவ்வாறாயின் பாத்திரங்களின் வாழ்வை வாசகரின் விருப்பத்திற்கே விட்டுவிடலாமா? இவ்வினாவுக்கும் டிசி வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1988-இல் 'எ டெத் இன் த ஃபேமிலி' கதையில் இரண்டாம் ராபினாகிய ஜேசன் டாட் வாழ்வதா சாவதா என்பதைத் தீர்மானிக்கத் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாக வேண்டும் என 5,343 வாக்குகளும் வாழ வேண்டும் என 5,271 வாக்குகளும் பதிவாயின. வெறும் 72 வாக்கு வேறுபாட்டில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான்.

வாசகர் நினைவின் காவலர் என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது. பிடிக்காத பாத்திரத்திடம் அவர்கள் பதிப்பகத்தினும் கடியவராக இருக்கக்கூடும் என்பதற்கு இவ்வாக்கெடுப்பே சான்று. மேலும் வாக்கு என்பது அவ்வேளையின் விருப்பத்தை அளக்கும். ஒரு பாத்திரம் சேர்த்துவைத்துள்ள பொருளை அளக்காது. ஆகவே, எங்கள் விருப்பப்படி எழுதுக என்னும் கோரிக்கைக்கும், நீங்களே எழுதியதை மறவாதீர் என்னும் கோரிக்கைக்கும் இடையே வேறுபாடு காணுதல் வேண்டும். முன்னது ஆணை. பின்னது பதிப்பகம் தானே அளித்த வாக்கை அதற்கு நினைவூட்டுவது. நைட்விங் வழக்காடலில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன, வலுவுடையது பின்னதே.

10. மீட்சி

2021 மார்ச்சில் வெளிவந்த 78-ஆம் இதழ் முதல் டாம் டெய்லர் கதாசிரியராகவும் புரூனோ ரெடோண்டோ ஓவியராகவும் 'நைட்விங்' இதழைப் பொறுப்பேற்றனர். வெய்ன் மாளிகையின் பணியாளரும் டிக்கை வளர்த்தவருள் ஒருவருமான ஆல்ஃபிரட் இறக்கும்போது தன் பெருஞ்செல்வத்தை அவனுக்கு விட்டுச் சென்றிருப்பது தெரியவருகிறது. அச்செல்வத்தைப் புளூட்ஹேவனின் வறியோர்க்குச் செலவிட அவன் முடிவுசெய்கிறான். பேட்மேனிடம் இயல்பாகக் காணப்படாத ஒரு நாயகத்தன்மை இதனால் வெளிப்படுகிறது: இரவில் குற்றவாளிகளை வீழ்த்துவதோடு, பகலில் நகரைத் தாங்குவது. 87-ஆம் இதழ் முழுவதும் பக்கத்துக்குப் பக்கம் அறுபடாத ஒரே ஓவியமாக வரையப்பட்டு, வட்டரங்கு வீரனின் இயக்கத்தைப் படிப்போர் கண்களுக்கு விருந்தாக்கியது. 2023-இல் சிறந்த தொடர் இதழுக்கான ஐஸ்னர் விருது 'நைட்விங்'குக்கு வழங்கப்பட்டது.

இவ்வெற்றியில் புதிய கூறுகள் பல உண்டு. ஆனால் அவை நீக்கத்தால் விளைந்தவையல்ல. பெயர், நகரம், நட்பு, இழப்பு ஆகியவற்றை உண்மையெனக் கொண்டு, அவற்றின் மேல் கட்டப்பட்டவை. இக்கதைகளில் டிக் பேட்மேனைப் பகைக்கவும் இல்லை. அவனுக்கு அடங்கவும் இல்லை. வளர்ந்த மகன் தந்தையுடன் கொள்ளும் உறவாக அது அமைகிறது. பேட்மேன் முதுமை எய்தாமலேயே டிக்கின் முதிர்ச்சியைக் காட்ட இயலும் என்பதை இத்தொடர் மெய்ப்பித்தது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. துணைநாயகன் தனிநாயகனாகும்போது, காலம் நகராத கதையுலகில் காலம் நகர்ந்தமைக்குச் சான்றாகிறான். பதிப்பகத்தின் வணிகத் தேவை அச்சான்றோடு முரண்படுவதால், பெயரும் நகரமும் இதழும் அவனிடமிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகின்றன. ரசிகர்கள் இம்மாற்றங்கள் அனைத்தையும் ஒரேவகையில் எதிர்ப்பதில்லை. பாத்திரத்தின் நினைவு காக்கப்பட்ட 'கிரேசன்' ஏற்கப்பட்டது. நினைவு அழிக்கப்பட்ட ரிக் கட்டம் மறுக்கப்பட்டது. ஆகவே அவர்களது வழக்காடலைப் பழமைப் பற்று என்று ஒதுக்குவது பொருந்தாது.

பாத்திரம் பதிப்பகத்தின் உடைமை என்பதில் சட்டவகையில் ஐயமில்லை. பேட்மேன் உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கருக்கே 2015-இல்தான், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், முறையான படைப்புரிமைக் குறிப்பு வழங்கப்பட்டது என்னும்போது, வாசகர்க்குச் சட்ட உரிமை ஏதும் இல்லாமை வியப்பன்று. எனினும் தொடர்கதை என்பது அடுத்த இதழை விற்பதற்கு முந்தைய இதழ்களின் நினைவையே முதலீடாகக் கொள்கிறது. அந்நினைவைச் சுமப்பவர் வாசகர். அதனை அழித்துவிட்டு அவரையே மீண்டும் வாங்க அழைப்பதில் உள்ள முரணையே நைட்விங் ரசிகர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர்.